எடை குறையாவிட்டாலும் நடை வேலை செய்கிறது: தசையும் சர்க்கரையும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 58 வயது, எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் சாப்பிடுகிறார். ஒன்றரை வருடம் தினமும் காலையில் 40 நிமிடம் நடந்தும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. "அப்புறம் எதுக்கு நடக்கணும், மாத்திரையே போதுமே" என்று போன மாதம் நிறுத்திவிட்டார். ஆள் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. தசைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது, வெளியே மக்களிடம் போய்ச் சேர வேண்டிய பாதி விஷயம் வகுப்பறையிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான். நடந்தால் கலோரி எரியும், கலோரி எரிந்தால் எடை குறையும், எடை குறைந்தால் சர்க்கரை குறையும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். அதை நம்பிய உங்கள் அப்பா, எடை மிஷினைப் பார்த்து முடிவெடுத்ததில் தப்பே இல்லை. அவர் பார்த்த மிஷின்தான் தப்பு. 40 நிமிட நடையில் செலவாவது 150 கலோரிக்குள்தான் இருக்கும். ஒரு வடையும் ஒரு டீயும் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் அந்த 40 நிமிடத்தில் அவர் தொடையிலும் கெண்டைக்காலிலும் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதை எடை மிஷின் காட்டாது.

நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு இட்லி சாப்பிட்டால் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அது செரித்து ரத்தத்துக்கு வரும்போது உடனுக்குடன் வேறெங்காவது போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அளவு எகிறிவிடும். கல்லீரல் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மூளை தன் வழக்கமான பங்கை எடுக்கிறது. பெரும்பங்கைத் தாங்க வேண்டியது எலும்புகளோடு ஒட்டி நம்மை அசைய வைக்கும் தசைகள். இன்சுலினையும் குளுக்கோஸையும் நேராக ரத்தக்குழாயில் ஏற்றிச் செய்யும் சோதனைகளில், உள்ளே போன குளுக்கோஸில் 80 சதவீதம் வரை தசைக்கே போவதை 1980களிலேயே அளந்துவிட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடும்போது கல்லீரலுக்கும் நல்ல பங்கு போவதால் தசையின் பங்கு இதைவிடக் குறையும். அப்போதும் பெரிய கிடங்கு தசைதான்.

கிடங்கு என்று சும்மா சொல்லவில்லை. குளுக்கோஸைக் கோர்த்துக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது தசை. கல்லீரலில் 100 கிராம் அளவுக்குச் சேரும் என்றால், எல்லாத் தசைகளிலும் சேர்த்து 400 முதல் 500 கிராம் வரை சேரும். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. கல்லீரல் தன் சேமிப்பைத் திரும்ப ரத்தத்துக்குக் கொடுக்கும், தசையால் அது முடியாது. அதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. குதிரில் கொட்டிய நெல்லை அந்த வீட்டுக்காரர்தான் சமைத்துத் தீர்க்க வேண்டும் என்பதுபோல, தொடைத் தசைக்குள் போன சர்க்கரையை அந்தத் தொடைதான் வேலை செய்து தீர்க்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் குதிர் நிரம்பியே கிடக்கும். அடுத்த வேளைச் சோற்றுக்கு அங்கே இடம் கம்மி.

இனி, சர்க்கரை நோயில் எது கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். தசை செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழைய முடியாது. குளூட்-4 என்ற புரதம்தான் அதற்கு வாசல். சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வாசல்கள் செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் மடக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து செல்லின் வெளிச்சுவரில் தட்டினால், உள்ளே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதுபோலச் செய்தி கடந்து போய், பைகள் மேலே வந்து வாசல்கள் திறக்கும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்தச் செய்திச் சங்கிலியின் முன்பகுதி மந்தமாகிவிடுகிறது. இன்சுலின் தட்டுகிறது, உள்ளே சரியாகக் கேட்பதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன் குழு 1990இல் ஒரு வேலை செய்தது. கத்தி வைக்காமல், காந்த ஒத்ததிர்வு முறையில் கெண்டைக்கால் தசைக்குள் கிளைக்கோஜன் சேரும் வேகத்தை அளந்தார்கள். சர்க்கரை நோயாளிகளில் அந்த வேகம் மற்றவர்களில் பாதிகூட இல்லை.

அப்பாவிடம் நான் சொல்லச் சொல்வது இனி வருவதைத்தான். வாசலைத் திறக்க இன்சுலின் மட்டும்தான் வழி என்றில்லை, இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, ஆற்றல் குறைகிறது. குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இவையும் இன்னும் சிலவும் சேர்ந்து, இன்சுலின் இல்லாமலேயே குளூட்-4 வாசல்களை மேலே இழுத்து வருகின்றன. சர்க்கரை நோயில் இந்த இரண்டாம் வழி கெடுவதில்லை. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கும் உங்கள் அப்பா எழுந்து நடந்தாலும், அவர் காலில் அந்த வாசல்கள் திறக்கத்தான் செய்யும். மருத்துவத்தில், நோய் தொடாமல் விட்டுவைத்த வழி ஒன்று இவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டுவது அபூர்வம்.

இதைக் கண்ணால் கண்டதுபோல் காட்டிய சோதனை ஒன்று இருக்கிறது. நான் வகுப்பில் மறக்காமல் சொல்வது. 1966, ஸ்டாக்ஹோம். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிள், பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா கிடந்தது. களைத்து ஓயும்வரை மிதித்துவிட்டு, தடித்த ஊசியைத் தொடையில் செலுத்தி, இரண்டு காலிலிருந்தும் துளித் தசையை எடுத்து அளந்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் கிட்டத்தட்டக் காலி, மிதிக்காத காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. மிதித்த காலில் கிளைக்கோஜன் பழைய அளவைத் தாண்டி ஏறத்தாழ இரட்டிப்பானது. மற்றக் காலில் பெரிய மாற்றமில்லை. இரண்டு கால்களும் ஒரே ஆளுடையவை, ஓடியது ஒரே ரத்தம், ஒரே இன்சுலின், ஒரே சாப்பாடு. பின்னாளில் கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழு ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, சில மணி நேரம் கழித்து இன்சுலின் ஏற்றிப் பார்த்தபோதும் வேலை செய்த கால்தான் கூடுதல் குளுக்கோஸை இழுத்துக்கொண்டது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. உடற்பயிற்சியின் இந்தப் பலன் வேலை செய்த தசைக்கே சேருகிறது. நடையில் கால் வேலை செய்கிறது, முதுகும் தோளும் கையும் பெரும்பாலும் சும்மா வருகின்றன. அதனால்தான் வெறும் நடை போதாது என்று பிறகு சொல்லப்போகிறேன். இன்னொன்று, நடந்து முடித்த பிறகும் அந்தத் தசைக்கு இன்சுலினின் தட்டல் நன்றாகக் கேட்கிறது. ஆனால் இந்தக் கூர்மை ஒன்று, இரண்டு நாள்தான் நிற்கும், மிஞ்சினால் மூன்று. சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சர்க்கரை நோய் வழிகாட்டல்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவருக்கு வியாழக்கிழமை ஒன்றும் மிச்சமிருக்காது.

நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்பதையும் டென்மார்க்கில் பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞர்களைத் தினமும் 10,000 அடியிலிருந்து 1,300 சொச்சம் அடிகளாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லிஃப்ட், கார், சோபா. இரண்டே வாரத்தில் இன்சுலினுக்கு உடம்பு கேட்பது 17 சதவீதம் குறைந்தது, மூச்சுத்திறன் 7 சதவீதம் குறைந்தது, காலில் தசையும் குறைந்தது. நோயில்லாத இளைஞர்களுக்கே இப்படியென்றால், ஒரு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் 58 வயதுக்காரரை யோசித்துப் பாருங்கள்.

எடை விஷயத்துக்குத் திரும்புவோம். இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேர். உணவு மாற்றமும் உடலுழைப்பும் என்று போன பிரிவில், நோயாக முற்றும் வாய்ப்பு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு: அந்த வாழ்க்கைமுறைப் பிரிவில் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது. இதில் உணவின் பங்கும் உண்டு, அவர்கள் முழு நோயாளிகளும் அல்லர் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் "எடை குறையலையே, எதுக்கு" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. எடையும் குறைந்தால் பலன் இன்னும் பெரிது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வில் 7 சதவீத எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உழைப்பையும் இலக்காக வைத்தவர்களுக்கு நோயாக முற்றும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

அப்பா ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு என்றீர்களே, அது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் உடல்வாகு. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யூட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே பார்த்தால் இருவரும் மெலிந்தவர்கள். அதே எடைக்குள் நம்மவருக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். கிடங்கே சிறியது என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் எடையைக் குறை என்று மட்டும் சொல்லிப் பட்டினி போட்டால், இருக்கிற கொஞ்சத் தசையும் கரையும்.

ஃபேட்டி லிவரும் இதே கதையின் இன்னொரு பக்கம். தசை வாங்க மறுத்த சர்க்கரை எங்கே போகும்? கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறும். ஒல்லியான, நோயில்லாத, ஆனால் தசை இன்சுலினுக்குச் சரியாகக் கேட்காத இளைஞர்களை ஷுல்மன் குழு 2007இல் ஆராய்ந்தது. ஒரே மாவுச்சத்து உணவைக் கொடுத்தபோது, இவர்கள் தசையில் கிளைக்கோஜன் குறைவாகவும், கல்லீரலில் புதுக் கொழுப்பு அதிகமாகவும் உருவானது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் ஏறியது. சில ஆண்டுகளில் இதையே திருப்பியும் காட்டினார்கள்: சாப்பாட்டுக்கு முன் 45 நிமிடம் ஒரே ஒரு முறை பயிற்சி செய்ய வைத்தால் தசை கூடுதலாக வாங்கிக்கொண்டது, கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி குறைந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரல் என்று எழுதியிருந்தாலும், கோளாறின் ஒரு நுனி காலில் இருக்கிறது.

தசைக்குள்ளேயும் கொழுப்பு படியும். அதிலிருந்து பிரியும் சில துணுக்குகள் இன்சுலின் செய்திச் சங்கிலியில் குறுக்கிடுகின்றன என்பது ஷுல்மன் தரப்பு முன்வைக்கும் விளக்கம். ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் நிறைய உண்டு, அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. அவர்கள் தசை அதைத் தினமும் எரித்துத் தினமும் நிரப்புகிறது. எரிக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியா பயிற்சியால் பெருகும் என்பதை ஜான் ஹோலோசி 1967இலேயே எலிகளை ஓடவிட்டுக் காட்டிவிட்டார்.

இனி எப்படிச் செய்வது. நடையை மீண்டும் தொடங்கட்டும், ஆனால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளட்டும். நியூசிலாந்தில் இரண்டாம் வகை நோயாளிகளிடம் 2016இல் வந்த ஆய்வில், ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். நம் வீடுகளில் இரவு டிபன் முடிந்ததும் டிவி முன் உட்கார்ந்து அப்படியே படுக்கப் போகிறோம். சர்க்கரை மெதுவாக இறங்கும் நேரம் அது.

என் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒருநாள் இரவு மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 208. மறுநாள் அதே மூன்று இட்லி, அதே சட்னி. கை கழுவியதும் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் கோயில் முனைவரை இரண்டு தடவை நடந்து வந்தோம், 15 நிமிடம். அதே நேரத்தில் குத்தினால் 171. ஒருமுறை பார்த்த எண் ஆய்வு ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அந்த மீட்டரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். அன்றிலிருந்து செருப்பு வாசலிலேயே இருக்கிறது.

நடையோடு தசையை வலுப்படுத்தும் பயிற்சி கட்டாயம் சேர வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 262 நோயாளிகளை ஒன்பது மாதம் கவனித்த ஆய்வு 2010இல் வந்தது. நடை மட்டும், எடை தூக்கும் பயிற்சி மட்டும், இரண்டும் கலந்தது எனப் பிரித்தார்கள். செலவிட்ட நேரம் ஏறத்தாழ ஒன்றே. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உறுதியாகக் குறைந்தது கலந்து செய்தவர்களுக்குத்தான். ஜிம்முக்குப் போக வேண்டும் என்பதில்லை. அப்பாவைச் சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தச் சோதனையையே பயிற்சியாக்கலாம்: பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். முட்டி இடம் கொடுத்தால் தோப்புக்கரணம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் கூட்ட வேண்டும். கூடவே தட்டில் புரதமும் ஏற வேண்டும்: சுண்டல், முட்டை, மீன், பருப்பு, தயிர். சிறுநீரகத்தில் பாதிப்பு இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு கரையும்" என்று சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு எரிப்பது 13 கலோரி அளவுதான். தசை வேண்டும் என்று சொல்வது சர்க்கரையை வாங்கி வைக்க இடம் வேண்டும் என்பதற்காக, முதுமையில் கீழே விழாமல் நிற்க வேண்டும் என்பதற்காக.

மாத்திரையே போதாதா என்ற கேள்விக்கு: மெட்ஃபார்மின் நல்ல மருந்து, ஆனால் அதன் முக்கிய வேலை கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைப்பது. தசையின் வேலையை அது செய்துவிடாது. ஏஎம்பிகேயைத் தூண்டும் ஒரு சேர்மத்தைக் கொடுத்து, பயிற்சியே செய்யாத எலிகளை 44 சதவீதம் அதிக தூரம் ஓட வைத்ததாக 2008இல் செய்தி வந்தபோது, உடற்பயிற்சி மாத்திரை வந்துவிட்டது என்றார்கள். மனிதர்களுக்கு அப்படியொரு மருந்து இன்னும் இல்லை. இப்போது பேசப்படும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் எடையை நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் குறையும் எடையில் கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு என்று அவற்றின் பெரிய ஆய்வுகளே காட்டின. அது முழுவதும் தசையல்ல என்றாலும் கவலைப்பட வேண்டிய அளவுதான். ஏற்கெனவே தசை குறைந்த உங்கள் அப்பா போன்றவருக்கு எப்போதாவது அந்த ஊசியை எழுதிக் கொடுத்தால், தசைப் பயிற்சியைச் சேர்க்காமல் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தொடங்குமுன் சில எச்சரிக்கை. கிளிமெப்பிரைடு சாப்பிடுபவருக்குப் பயிற்சியின்போதும் அன்று இரவும் லோ சுகர் வரலாம். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி என்றால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். ஒழுங்காகச் செய்யத் தொடங்கியதும் அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் நின்றுவிட வேண்டும், இதயப் பரிசோதனை முடியும்வரை தொடர வேண்டாம். விழித்திரையில் ரத்தக்கசிவோ புதுக் குழாய்களோ இருந்தால் கனமானதைத் தூக்கும் முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். கடுமையாகச் செய்த உடனே சர்க்கரை கொஞ்சம் ஏறிக் காட்டினால் பயப்பட வேண்டாம். அட்ரினலின் தூண்டிக் கல்லீரல் விட்டது, பெரும்பாலும் சீக்கிரம் இறங்கிவிடும்.

அப்பாவிடம் இவ்வளவையும் சொல்ல வேண்டியதில்லை. இன்று இரவு சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருமுறை மீட்டரில் பாருங்கள். நாளை அதே சாப்பாடு, சாப்பிட்டதும் நீங்களும் கூடப் போய் 15 நிமிடம் நடந்துவிட்டு அதே நேரத்தில் பாருங்கள். இரண்டு எண்களையும் காலண்டர் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.